மொரோக்கோக் கடிதங்கள்: அறிவொளிக் காலத்து ஸ்பெயின் தன்னைத் தானே விசாரித்துக்கொண்ட விதம்

பதினெட்டாம் நூற்றாண்டு ஸ்பெயினில் சமூகத்தை விமர்சிக்க முனைந்தவர்கள் கற்பனைக் கடிதம் என்னும் வடிவத்தை ஏன் நாடினார்கள், அவ்வகையில் முதலிடம் பெறும் ஹோசே கதால்சோவின் 'மொரோக்கோக் கடிதங்கள்' பிரெஞ்சு எழுத்தாளர் மாண்டெஸ்கியூவின் 'பாரசீகக் கடிதங்க'ளைப் பார்த்து எழுதப்பட்டதுதானா என்பது கேள்வி. இரண்டாம் பகுதிக்கான விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். கதைச் சட்டகம் பிரான்சிலிருந்து வந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் மாண்டெஸ்கியூவிடம் வெளிநாட்டான் பார்க்கிறான், வெளிநாட்டானே தீர்ப்பும் சொல்கிறான். கதால்சோவிடம் வெளிநாட்டான் கேள்வி கேட்கிறான், உள்நாட்டான் மனம் நொந்து பதில் சொல்கிறான், தொலைவில் இருக்கும் முதியவர் ஒருவர் இருவர் சொல்லையும் எடைபோடுகிறார். தன் நாட்டின் குறைகளைத் தன் நாட்டானின் வாயிலிருந்தே வரவழைத்த இந்த ஏற்பாடுதான் அந்த நூலின் உயிர். அதைக் கவனிக்காமல் படிப்பவர்களுக்கு அது மங்கிய நகலாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

முதலில் வடிவத்தைப் பற்றி. 1721இல் மாண்டெஸ்கியூ தம் பெயரை மறைத்துக்கொண்டு வெளியிட்ட நூலில் உஸ்பெக், ரிகா என்ற இரண்டு பாரசீகர்கள் பாரிசைப் பார்த்து ஊருக்கு எழுதுகிறார்கள். அது பெரும் வரவேற்பைப் பெற்றதால் ஐரோப்பா முழுவதும் அதே தடத்தில் நூல்கள் கிளம்பின. ஆங்கிலத்தில் ஆலிவர் கோல்ட்ஸ்மித் 1762இல் ஒரு சீனரை லண்டனுக்கு அழைத்துவந்து எழுதவைத்தார். இந்த வகை ஏன் இவ்வளவு எடுபடுகிறது என்பதற்குக் கதால்சோ தம் முன்னுரையிலேயே தெளிவான காரணங்கள் தருகிறார். கடிதமாக இருப்பதால் வாசிப்பது எளிது, பொருளைப் பகுத்துக்கொள்வதும் எளிது, நடை இனிமையாக அமைகிறது, எழுதுகிறவர் அந்நியர் என்பதால் பழைய செய்தியும் புதிய சுவையோடு வருகிறது என்கிறார். அதே மூச்சில் ஸ்பெயினுக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்கிறார். ஸ்பெயினுக்கு வரும் பயணிகள் குறைவு என்பதால், பிரான்சையும் ஸ்பெயினையும் பிரிக்கும் பிரனீஸ் மலைக்கு இந்தப் பக்கம் பாரசீகர், துருக்கியர், சீனர் கடிதம் எழுதினார்கள் என்றால் யாரும் நம்பமாட்டார்கள் என்பது அவர் கணிப்பு.

மொரோக்கோக்காரர் என்றால் நம்புவார்கள். ஜிப்ரால்டர் ஜலசந்தியைக் கடந்தால் மொரோக்கோ. 1766இல் சுல்தான் சீதி முகம்மதின் தூதராக அகமது அல் கஸ்ஸால் என்பவர் மூன்றாம் கார்லோஸ் மன்னரின் அவைக்கு உண்மையிலேயே வந்திருந்தார், மறு ஆண்டு இரு நாடுகளுக்கும் இடையே உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. கதால்சோவின் நாயகன் கசேல் பென் அலி ஒரு தூதரின் பரிவாரத்தில் வந்து, தூதர் திரும்பிய பிறகும் ஸ்பெயினைப் பார்க்க வேண்டும் என்று தங்கிவிட்ட இளைஞன். பெயர் ஒற்றுமையை அன்றைய வாசகர்கள் கவனிக்காமல் இருந்திருக்கமாட்டார்கள். எட்டு நூற்றாண்டுக் காலம் முஸ்லிம் அரசுகளோடு போரிட்டும் கலந்தும் வாழ்ந்த நாட்டில், ஒரு முஸ்லிமை அறிவும் பண்பும் உள்ள பார்வையாளனாக நிறுத்தியதே துணிச்சலான செயல் என்று நான் கருதுகிறேன். பாரிசில் இருக்கும் பாரசீகன் வெறும் வினோதம். மாட்ரிடில் இருக்கும் மொரோக்கோக்காரன் பழைய வரலாற்றைத் தோளில் சுமந்துகொண்டு வருகிறான்.

மாண்டெஸ்கியூவுக்கும் கதால்சோவுக்கும் இடையே இன்னொரு கணக்கும் தீர்க்கப்படாமல் இருந்தது. பாரசீகக் கடிதங்களில் 78ஆவது கடிதம் ஸ்பெயினைக் கடுமையாகக் கேலி செய்கிறது. மூக்குக்கண்ணாடியும் மீசையும் வைத்துக்கொண்டு பெருமை கொண்டாடுகிறவர்கள் என்றும், அவர்களிடம் இருக்கும் ஒரே நல்ல நூல் மற்ற நூல்கள் எல்லாம் எவ்வளவு நகைப்புக்குரியவை என்று காட்டிய நூல்தான் என்றும் அது சொல்கிறது. குறிக்கப்படுவது செர்வாந்தேசின் 'தோன் கிஹோத்தே'. ஸ்பெயினுக்கு ஒருமுறைகூடப் போகாதவர் எழுதிய இந்தக் கடிதத்துக்கு மறுப்பாகக் கதால்சோ தனியே ஒரு நூல் எழுதினார், அது அவர் காலத்தில் அச்சேறவில்லை. ஆகவே மொரோக்கோக் கடிதங்களை எழுத உட்கார்ந்தவர், மாண்டெஸ்கியூவின் கலையை வியந்து, அவருடைய ஸ்பெயின் சித்திரத்தால் புண்பட்டவர். வெளியார் சொல்லும் பொய்க் குறையை மறுக்க வேண்டும், உள்ளே இருக்கும் மெய்க் குறையை மறைக்கவும் கூடாது. இந்த இரட்டைக் கடமைக்குத் தனியொரு குரலால் ஈடுகொடுக்க முடியாது என்பதை அவர் புரிந்துகொண்டதால்தான் மூன்று குரல்கள் தேவைப்பட்டன.

அவருடைய வாழ்க்கையும் அதற்கு ஏற்பவே அமைந்தது. 1741இல் காதிஸ் துறைமுக நகரில் வணிகக் குடும்பத்தில் பிறந்தார். தாயைச் சிறுவயதிலேயே இழந்தார், தந்தை வணிகத்துக்காக வெளியே இருந்தார், வளர்த்தவர் சேசு சபையைச் சேர்ந்த ஓர் உறவினர். பாரிசில் லூயி லெ கிராண்ட் கல்லூரியில் படித்து, இங்கிலாந்து உட்பட வேறு நாடுகளையும் பார்த்துவிட்டுத் திரும்பியபோது, தாய்நாடே முற்றிலும் அந்நியமாகத் தெரிந்தது என்று தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். பிறகு மாட்ரிடில் பிரபுக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கான கல்விக்கூடத்தில் படிப்பு, 1762இல் குதிரைப்படையில் சேர்ந்து போர்த்துகல் படையெடுப்பில் பங்கு. 1768இல் அரசவைச் சமூகத்தைப் பகடி செய்த ஒரு சிறு எழுத்து இவருடையது என்று கருதப்பட்டதால் தலைநகரை விட்டு அரகோன் பகுதிக்கு அனுப்பப்பட்டார். நுனிப்புல் மேயும் படிப்பாளிகளைக் கிண்டல் செய்யும் நூலை 1772இல் புனைபெயரில் வெளியிட்டு அது நன்றாக விற்றது. மொரோக்கோக் கடிதங்கள் உருப்பெற்றது 1773, 1774ஐ ஒட்டிய காலத்தில். பாரிசில் ஸ்பானியராகவும் மாட்ரிடில் பாதிப் பிரெஞ்சுக்காரராகவும் பார்க்கப்பட்ட ஒரு படை அதிகாரி, இரண்டு பார்வைகளையும் தமக்குள்ளேயே வைத்திருந்தார்.

நூலில் 90 கடிதங்கள் உள்ளன. பெரும்பாலானவை கசேல் தன் ஆசான் பென் பெலேக்கு எழுதுபவை. பென் பெலே மொரோக்கோவில் தனித்து வாழும் வயோதிகர். மூன்றாமவர் நூன்யோ நூன்யெஸ், கசேலுக்கு மாட்ரிடில் கிடைத்த கிறிஸ்தவ நண்பர், உலகம் பார்த்து, அடிபட்டு, ஒதுங்கி வாழ்பவர். ஏறத்தாழ கதால்சோவேதான் அவர். சில கடிதங்கள் நூன்யோவுக்கும் பென் பெலேக்கும் இடையே நேராகவே போகின்றன. ஒருவரையொருவர் ஒருபோதும் பார்த்திராத ஒரு கிறிஸ்தவரும் ஒரு முஸ்லிமும் கடிதத்தின் வழியாகவே நேர்மையான மனிதர் என்றால் யார் என்பதில் ஒத்துப்போகிறார்கள். மாண்டெஸ்கியூவில் இருக்கும் அந்தப்புரக் கதையோ, மனைவியரின் கலகமோ இங்கே இல்லை. காதலும் சூழ்ச்சியும் தேடிப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். நட்பு மட்டுமே கதை.

விமர்சனம் எப்படி நடக்கிறது என்பதற்கு 38ஆம் கடிதத்தை எடுத்துக்கொள்கிறேன். பொருள் கர்வம். ஸ்பெயினில் கர்வம் தலைகீழாக வளர்கிறது, தகுதி இறங்க இறங்க அது ஏறுகிறது என்பதைக் கசேல் படிப்படியாகக் காட்டுகிறான். மன்னர் ஆண்டில் குறிப்பிட்ட நாளில் பன்னிரண்டு ஏழைகளின் பாதங்களைக் கழுவுகிறார். பெரும் பிரபுக்களிடம் கொஞ்சம் முறுக்கு தெரிகிறது. படிகள் இறங்கி, வரிச்சலுகையும் வம்சப் பெயரும் தவிர வேறொன்றும் இல்லாத கிராமத்து இதால்கோ என்னும் சிறு பிரபுவிடம் வந்தால், அவர் தம் ஏழைக் கிராமத்தின் வறண்ட சதுக்கத்தில், கிழிந்த அங்கியைப் போர்த்திக்கொண்டு, மகா கம்பீரமாக உலவுகிறார். பாதி இடிந்த வீட்டின் வாசலுக்கு மேலே பொறித்திருக்கும் குலச்சின்னத்தை அண்ணாந்து பார்த்து, தம்மை இன்னாராகப் படைத்த இறைவனுக்கு நன்றி சொல்கிறார். சத்திரத்தில் வந்து இறங்குகிறவர் படைத்தலைவரானாலும் தலைமை நீதிமன்றத் தலைவரானாலும் தொப்பியைக் கழற்றமாட்டார். அதற்கும் கீழே பிச்சைக்காரர் வருகிறார். இரங்கிக் கேட்டவர், இல்லையென்று கொஞ்சம் கடுமையாகச் சொன்னால் அதே ஆளை ஏசுகிறார். ஜெர்மானியன் பாடிக்கொண்டு பிச்சை கேட்பான், பிரெஞ்சுக்காரன் அழுதுகொண்டு கேட்பான், ஸ்பானியன் திட்டிக்கொண்டு கேட்பான் என்ற வழக்குமொழியோடு அந்தப் பகுதி முடிகிறது.

இதில் எந்த வாதமும் நேராக வைக்கப்படவில்லை. சமூக ஏணியின் உச்சியிலிருந்து அடிவரை இறங்கி வருவதே வாதம். பரம்பரை மேன்மையைப் பற்றிய 13ஆம் கடிதம் இதைவிடச் சுருக்கமானது, இதைவிடக் கூர்மையானது. பரம்பரைப் பிரபுத்துவம் என்றால் என்ன என்று கசேல் வற்புறுத்திக் கேட்கிறான். நூன்யோ புரியாத ஆயிரம் விளக்கங்கள் சொல்லி, மாந்திரீகம் போலத் தோன்றும் படங்களைக் காட்டி, இடையிடையே வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு, கடைசியில் இப்படி முடிக்கிறார்: நான் பிறப்பதற்கு 800 ஆண்டுகளுக்கு முன் என் பெயரைத் தாங்கிய ஒருவர் செத்துப்போனார், அவர் பயனுள்ள மனிதராக இருந்தார், அதை ஆதாரமாக வைத்து எதற்கும் உதவாத நான் அடித்துக்கொள்ளும் பெருமைதான் அது. கதால்சோவே சந்தியாகோ வீரர் சபையின் உறுப்பினர், அதில் சேரக் குலத்தூய்மைச் சான்று காட்ட வேண்டும். உள்ளே இருந்தவரின் சொல் என்பதால் இதற்குக் கனம் கூடுகிறது.

பொருளாதாரத்துக்கு வந்தால் 41ஆம் கடிதம். ஒரு செல்வரின் ஒரு நாளை வரிசையாகச் சொல்கிறது. சிகை அலங்காரம் செய்த இரண்டு பணியாளர்கள் அவரை எழுப்புகிறார்கள். லண்டன் வழியாக வந்த சீனக் கோப்பையில் மோக்கா காபி குடிக்கிறார். ஹாலந்து மெல்லிய துணிச் சட்டை, அதன் மேல் பிரான்சின் லியோன் நகரத்தில் நெய்த வீட்டங்கி. பாரிசில் அட்டை கட்டிய புத்தகத்தைப் படிக்கிறார். உடுத்திவிடுவதும் தலை வாருவதும் பிரெஞ்சுத் தையற்காரர், பிரெஞ்சு நாவிதர் சொற்படி. வண்டி பாரிசில் வண்ணம் பூசியது, உணவுப் பாத்திரம் பாரிசிலோ லண்டனிலோ செய்தது, பழத்தட்டு சாக்சனியிலிருந்தோ சீனாவிலிருந்தோ வந்தது. இசை ஆசிரியரும் நடன ஆசிரியரும் அயல்நாட்டார். மாலையில் இத்தாலிய இசை நாடகமோ மொழிபெயர்த்த பிரெஞ்சுத் துன்பியலோ பார்க்கிறார். படுக்கப்போகும்போது, இன்று என் கைக்கு வந்த பொன்னையும் வெள்ளியையும் என் நாட்டை விட்டு வெளியேற்றுவதற்கே என் செயல்கள் யாவும் பயன்பட்டதற்காக வானத்துக்கு நன்றி என்று அவர் பிரார்த்திக்கலாம் என்கிறது கடிதம். அமெரிக்கக் கண்டத்துச் சுரங்கங்களிலிருந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் வெள்ளி வந்து குவிந்தும் ஸ்பெயின் ஏன் ஏழையாயிற்று என்று அக்காலப் பொருளியல் சிந்தனையாளர்கள் பக்கம் பக்கமாக எழுதியதைக் கதால்சோ ஒரே மனிதனின் ஒரு நாளுக்குள் அடக்கிவிட்டார். ஆடம்பரத்தை ஒழித்துவிடலாம் என்று அவர் கனவு காணவில்லை. அது வந்தே தீரும் என்றால், உள்நாட்டுத் தொழில்களை வாழவைக்கும் ஆடம்பரமாக அதைத் திருப்புங்கள் என்பதே நூன்யோவின் யோசனை.

7ஆம் கடிதத்தை நான் தனியாகக் குறிப்பிட விரும்புகிறேன், ஏனென்றால் கட்டுரையாளர் கதால்சோவை விடக் கதைஞர் கதால்சோ அதில் நன்றாகத் தெரிகிறார். காதிஸுக்கும் ஆர்கோசுக்கும் இடையே வழி தவறிய கசேலை, வெள்ளிப் பொத்தான்கள் பதித்த உடையும் கழுத்தில் ஊதாப் பட்டுக் கைக்குட்டையுமாகக் குதிரையில் வந்த ஓர் இளம் பிரபு அன்போடு தன் பண்ணைவீட்டுக்கு அழைத்துப் போகிறான். அவன் நல்லவன், உபசாரம் தெரிந்தவன், தைரியசாலி. ஆனால் எதையும் படித்ததில்லை, படிக்க வேண்டும் என்று யாரும் அவனுக்குச் சொன்னதுமில்லை. பண்ணைவீட்டில் கிரகோரியோ என்ற கசாப்புக்காரர்தான் ராஜா. கரகரத்த குரலும் நீண்ட கிருதாவும் தொந்தியும் ஓயாத வசைச்சொல்லுமாக, இளம் பிரபுக்களோடு சரிசமமாகப் பழகி, சுருட்டு தயாரித்துக் கொடுத்து, தாளம் தட்டி ஆட்டத்தை நடத்துகிறார். சுருட்டுப் புகையும் கைத்தட்டலும் சுருதி சேராத கித்தாரும் சேர்ந்து கசேலை இரவு முழுவதும் தூங்கவிடவில்லை. நாட்டை நடத்தும் வகுப்பு தன் பிள்ளைகளை எப்படி வளர்க்கிறது என்பதை இதைவிட நன்றாகச் சொல்ல முடியாது. பையனைக் கெட்டவனாகக் காட்டியிருந்தால் வாசகர் தப்பித்திருப்பார். நல்லவனாகக் காட்டியதால் வீணாவது எது என்று தெரிகிறது.

எல்லா இடத்திலும் அவர் சரியாகச் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். மெக்சிகோவை வென்ற எர்னான் கோர்தேசை 9ஆம் கடிதத்தில் வீரராக மட்டுமே பார்த்து, பட்டியல் போட்டுப் புகழ்கிறார். அந்தப் பகுதி இன்று வாசிக்கையில் நிற்கவில்லை, வெல்லப்பட்டவர்களின் துயரம் அந்தப் பட்டியலில் இடம் பெறவே இல்லை. ஆனால் அதே கடிதத்தில் எதிர்த் தரப்பைப் பார்த்து அவர் கேட்பதை யாரும் எளிதில் தட்டிக்கழிக்க முடியாது. அமெரிக்காவில் ஸ்பானியர் கொடுமை செய்தார்கள் என்று உரத்துக் கூவும் நாடுகள்தானே ஆப்பிரிக்கக் கரைக்குப் போய், வாங்குகிறவர் வெள்ளையர், விற்கப்படுகிறவர் கறுப்பர் என்பதைத் தவிர வேறு உரிமை எதுவும் இன்றி, மனிதர்களை விலைக்கு வாங்குகின்றன என்று கேட்கிறார். 1770களில் எழுதிய வரி இது.

ஸ்பெயினின் வீழ்ச்சிக்கு அவர் தரும் விளக்கமும் பொதுவாக அறியத்தக்கது. ஆஸ்திரிய அரச வம்சம் நாட்டின் செல்வத்தையும் திறமையையும் குருதியையும் நாட்டுக்குத் தொடர்பில்லாத போர்களில் செலவழித்தது, அவ்வம்சத்தின் கடைசி மன்னர் இரண்டாம் கார்லோஸ் இறந்தபோது ஸ்பெயின் ஓர் அரக்கனின் எலும்புக்கூடாகவே எஞ்சியிருந்தது என்று 3ஆம் கடிதத்தில் நூன்யோ சொல்கிறார். பழையதெல்லாம் பொன் என்பவர்களும் அயலதெல்லாம் பொன் என்பவர்களும் என இரண்டு கூட்டங்களுக்கு நடுவே நியாயமான ஒரு பாதையைத் தேடுவதாகவும், அதனாலேயே இரு தரப்பாரும் தம்மை ஏசுவார்கள் என்றும் முன்னுரையில் எழுதியிருந்தார்.

கடித வடிவம் அவருக்குக் கொடுத்த மிகப் பெரிய வசதி 69, 70ஆம் கடிதங்களில் தெரிகிறது. மோசமான சாலையில் வண்டியின் அச்சு முறிந்து, கசேல் ஒரு கிராமத்துப் பெருமகனின் வீட்டில் தங்க நேர்கிறது. அந்த மனிதர் தலைநகரை விட்டு விலகி, மனைவி மக்களோடும் நூல்களோடும் தம் நிலத்தில் வேலை செய்பவர்களுக்கு உதவிக்கொண்டும் அமைதியாக வாழ்கிறார். கசேல் உருகிப்போய் நூன்யோவுக்கு எழுதுகிறான். படிக்கிற நாமும் இதுதான் நூலாசிரியரின் இலட்சியம் என்று நினைத்துவிடுகிறோம். அடுத்த கடிதத்தில் நூன்யோ மறுக்கிறார். அந்த மனிதர் நல்லவர்தான், ஆனால் அவ்வளவு திறமை உள்ளவர் தனக்கும் தன் வேலியைச் சேர்ந்த சிலருக்கும் மட்டும் பயன்பட்டு, நாட்டுக்குப் பயன்படாமல் ஒதுங்கிவிட்டது சரியா என்று கேட்கிறார். இந்தக் கேள்வியைக் கேட்பவரே உலகத்தை விட்டு ஒதுங்கி வாழ்பவர் என்பது வாசகருக்குத் தெரியும். ஆசிரியர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதற்கு நூலில் பதில் கிடையாது. கட்டுரையில் இப்படி எழுதியிருந்தால் முரண்பாடு என்பார்கள். கடிதத்தில் அது மனிதர் இருவர் பேசிக்கொள்வது.

அந்த வடிவம் கேட்ட விலையும் உண்டு. சமயத்தையும் அரசாட்சியையும் தொடமாட்டேன் என்று முன்னுரையிலேயே வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் கதால்சோ தொடங்குகிறார். அச்சுக்கு முன் காஸ்தில்யா பேரவை என்னும் அரசு உயர்மன்றத்தின் அனுமதி வேண்டும், அச்சான பிறகு இன்குவிசிஷன் என்னும் சமய விசாரணை மன்றத்தின் கண்ணில் படாமல் இருக்க வேண்டும் என்ற நாட்டில் இந்த வாக்கு வெறும் பணிவு ஆகாது. பல நூற்றாண்டுகளுக்கு முந்தைய போர்களில் புனித யாக்கோபு குதிரையில் தோன்றினார் என்ற நம்பிக்கையை 87ஆம் கடிதம் பேசும்போதுகூட, அது உண்மையா என்பதை விட்டுவிட்டு, மக்களுக்கு அத்தகைய நம்பிக்கையால் பயன் உண்டா என்ற பக்கமே நூன்யோ நகர்கிறார். இவ்வளவு எச்சரிக்கையாக இருந்தும், 1774இல் பேரவையிடம் ஒப்படைக்கப்பட்ட நூல் ஆசிரியரின் ஆயுளில் வெளிவரவில்லை. 1782 பிப்ரவரியில் ஜிப்ரால்டர் முற்றுகையில் எறிகுண்டின் சிதறல் பட்டு, நாற்பதாவது வயதில் கதால்சோ இறந்தார். இறந்த நண்பர் விட்டுச்சென்ற கையெழுத்துப் பிரதி இது என்று முன்னுரையில் அவர் கட்டியிருந்த கற்பனை, இப்படித் துயரமாக மெய்யாயிற்று. 1789இல் 'கொர்ரேயோ தெ மாட்ரிட்' இதழில் தொடராக வந்து, 1793இல்தான் தனி நூலாயிற்று.

அவர் விட்டுவைத்த இடங்களை மற்றவர்கள் கடிதத்தைக் கொண்டே தொட்டார்கள். அவருக்கு முன்பே பெனிட்டோ ஃபெய்ஹோ என்ற துறவி 1742 முதல் 1760 வரை ஐந்து தொகுதிகளாக எழுதிய அறிவுக் கடிதங்கள் மூடநம்பிக்கைகளை எதிர்த்து வாசகர்களைப் பழக்கியிருந்தன, அவை புனைவு அல்ல என்றாலும் களத்தை உழுது வைத்தவை அவையே. அவருக்குப் பின் லியோன் தெ அர்ரோயால் நிதியமைச்சர் லெரேனா பிரபுவுக்கு எழுதுவதாக அமைத்த அரசியல் பொருளாதாரக் கடிதங்களில் மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு விதிக்கும் அரசியலமைப்பு வரைவையே முன்வைத்தார், அவை பல பத்தாண்டுகள் கையெழுத்துப் பிரதிகளாகவே கிடந்தன. புனைவில் மிகத் துணிந்தவர் லூயிஸ் குத்தியெர்ரெஸ். துறவு மடத்தை விட்டு வெளியேறிப் பிரான்சுக்குத் தப்பிய இவர் 'கொர்னேலியா பொரோர்கியா' என்ற கடித நாவலை எழுதினார், அது 1801இல் பாரிசில் வெளிவந்தது. ஒரு பேராயரின் இச்சைக்கு இணங்காமல், தற்காப்பில் அவரைக் குத்திவிட்டு, சமய விசாரணை மன்றத்தால் எரிக்கப்படும் பெண்ணின் கதை அது. 1799இல் பேரவை நாவல்களுக்கு அச்சு உரிமம் வழங்குவதையே நிறுத்தியிருந்த சூழலில் இப்படியொரு நூல் ஸ்பெயினுக்குள் அச்சாக வழியே இல்லை, கள்ளத்தனமாகத்தான் நுழைந்தது, தடையும் செய்யப்பட்டது. கலை நயத்தில் அதைக் கதால்சோவுக்கு அருகில் வைக்க மாட்டேன். பாத்திரங்கள் கொள்கைகளைச் சுமந்து திரிகின்றன. ஆனால் கதால்சோ வாய்மூடிய இடத்தில் அது வாய் திறந்தது.

மொரோக்கோக் கடிதங்களை வரிசையாகப் படிக்க உட்கார்ந்தால் 3ஆம் கடிதத்தின் வரலாற்றுச் சுருக்கத்திலேயே பலர் நின்றுவிடுகிறார்கள். முன்னுரைக்குப் பிறகு 7, 13, 38, 41 என்று போய், பிரெஞ்சுச் சொல் கலந்து எழுதிய தன் தங்கையின் கடிதம் நூன்யோவுக்கே விளங்காமல் போகும் 35ஐயும் சேர்த்துக்கொண்டு, அதன் பிறகு 69, 70 இரண்டையும் ஒரே அமர்வில் படிப்பது நல்லது. நூன்யோவும் பென் பெலேயும் நேராக எழுதிக்கொள்ளும் கடிதங்களை அதற்குப் பிறகு எடுத்தால், அவர்கள் ஏன் அவ்வளவு சுருக்கமாகவும் நம்பிக்கையாகவும் பேசிக்கொள்கிறார்கள் என்பது தெரியும்.